கணக்கில் வராத அறை

இரண்டு வாரக் காய்ச்சல் விடுப்பு முடிந்து நான்காம் வகுப்புக்குள் நுழைந்த அந்த ஆசிரியையை முதலில் உறுத்தியது அமைதிதான். அவள் வகுப்பு அப்படி இருக்கிற வகுப்பே அல்ல. பக்கத்து அறை ஆசிரியை தினமும் வந்து, "உங்க பிள்ளைங்களை கொஞ்சம் மூடி வைங்களேன்" என்று கும்பிடுகிற வகுப்பு அது.

ஜன்னலோர பெஞ்சைப் பார்த்தாள். 'ரேடியோ' இல்லை.

அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். ரேடியோ ஒரு பஸ் கண்டக்டரின் மகள். காலை மணி அடித்ததும் ஒலிபரப்பு தொடங்கும். அப்பாவின் வண்டியில் யார் தூங்கிப்போய் நிறுத்தத்தைத் தவறவிட்டார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று மாலை வரை ஓயாது. ஆனால் பாடப் புத்தகத்தை விரித்துவிட்டால் அந்த வாய் ஒட்டிக்கொள்ளும். மற்ற பிள்ளைகளுக்கு ஒழுங்காக நிற்கிற எழுத்துகள் அவளுக்கு மட்டும் இடம் மாறி உட்காரும். விரலைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தையும் ஓட விடாமல் அமுக்கி, மாதக்கணக்கில் இருவரும் மல்லுக்கட்டினார்கள். காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாள்தான், குடையைத் தொலைத்த கரடியின் கதையில் ஒரு முழுப் பக்கத்தை ரேடியோ யார் உதவியும் இல்லாமல் வாசித்து முடித்தாள். முடித்த வேகத்தில், "மிஸ், அடுத்த பக்கத்துல குடை கிடைச்சிடுமா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு நீயே படிச்சு எனக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவள்தான். இன்றைக்குத்தான் திரும்பி வருகிறாள்.

"ரேடியோ எங்க? உடம்பு சரியில்லையா?"

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "அவ இப்ப நம்ம கிளாஸ் இல்ல மிஸ். பழைய லேப்ல இருக்கா. அவங்கல்லாம் கணக்குல வராதவங்க மிஸ்."

வெளியே மழை தூறுகிறது என்று சொல்கிற குரலில்தான் அந்தக் குழந்தை அதைச் சொன்னது.

நடைவழியின் கடைசியில் இருந்தது பழைய அறிவியல் கூடம். குழாய் வராத தொட்டிகள், கால் ஆடும் முக்காலிகள், அலமாரியில் தூசு படிந்த காலி ஜாடிகள். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று பேதமில்லாமல் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். ஆசிரியர் இல்லை. கரும்பலகையில் 'அமைதி காக்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. விளையாட்டு மாஸ்டர் மைதானத்திலிருந்து அவ்வப்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து விசில் ஊதிவிட்டுப் போவார் போலிருந்தது.

ரேடியோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, இங்க வந்து உக்காந்திருக்க?"

"இங்க பேசக் கூடாது மிஸ்" என்றாள் ரேடியோ, காற்றில் கரைகிற குரலில்.

அவள் நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"அண்ணி, என்ன இது?"

தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் அவளுடைய கணவனின் அக்கா. இந்தப் பள்ளிக்கு அவள் வேலைக்கு வந்த முதல் வருடமே, "எங்க தம்பிக்கு இவளைத்தான் கட்டி வைக்கணும்" என்று முடிவு செய்து, முடித்தும் காட்டியவர். பிடித்ததை நடத்தாமல் விடமாட்டார்.

"ஸ்கூல்ல நான் மேடம். வீட்லதான் அண்ணி" என்றார். "காய்ச்சல் விட்டுச்சா? உக்காரு."

"உக்கார வரல மேடம். என் பிள்ளைங்களை எதுக்கு அந்தக் குடோன்ல அடைச்சு வச்சிருக்கீங்க?"

"குடோன் இல்ல. தனிக் கவனிப்பு அறை."

"கவனிக்க அங்க யாரு இருக்கா? காலி ஜாடியா?"

அண்ணி பேனாவை மூடினார். "இதோ பாரு. புதுச் சட்டம் வந்தது உனக்குத் தெரியும். பரீட்சையில பிள்ளைங்க எடுக்கிற மார்க்கை வச்சுத்தான் ஸ்கூலுக்குத் தரம். தரத்தை வச்சுத்தான் மானியம். தரம் என்னன்னு கேட்லயே போர்டு மாட்டணும். ரெண்டு வருஷம் கடைசித் தரம்னா இழுத்துப் பூட்டிருவாங்க. அப்புறம் உன் ரேடியோ எந்த ஸ்டேஷன்ல போய்ப் பாடுவா?"

"அதுக்கும் லேபுக்கும் என்ன சம்பந்தம்?"

"வருஷம் முழுக்க தொடர்ந்து நம்ம பதிவுல இருக்கிற பிள்ளைங்க மார்க் மட்டும்தான் தரத்துக்குச் சேரும். நடுவுல வந்தவங்க சேர மாட்டாங்க." அண்ணி கொஞ்சம் நிறுத்தினார். "மார்க் வராத அந்தப் பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.சி. குடுத்தோம். திங்கட்கிழமை காலையில திரும்பச் சேர்த்துக்கிட்டோம். அவ்வளவுதான். இப்ப அவங்க நடுவுல வந்தவங்க. எந்தக் குழந்தையும் வெளிய போகல. ஒரு நாள் படிப்பும் கெடல."

"அதான் இப்ப தினமும் கெடுதே!"

"கத்தாத. பக்கத்து ஸ்கூல், அதுக்கடுத்த ஸ்கூல், எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. மார்க் சேராத பிள்ளைக்கு டீச்சரை ஒதுக்கினா, சேர்ற பிள்ளைக்கு யாரு? இப்ப உன் கிளாஸ் சராசரிதான் ஸ்கூல்லயே முதல்ல நிக்குது. நீ எனக்கு நன்றி சொல்லணும்." கதவருகே போய்விட்டவளைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "கோபம்னா வீட்ல போய்க் காட்டு. பிரிவு பதினாலு. எழுதினவர் உன் வீட்லதான் இருக்கார்" என்றார்.

அந்த எண் அவளுக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு மேசை. அவள் கணவன் சட்டத்துறையில் மசோதாக்களை எழுதித் தருகிறவன். அமைச்சர்கள் பேசுவதைச் சட்ட வாசகமாக்குவது அவன் வேலை. வீட்டிலும் அதே பேச்சுதான். காப்பி வேண்டுமா என்று கேட்டால், "சர்க்கரை குறைவு என்ற நிபந்தனைக்கு உட்பட்டு" என்பான். அதனால் அவள் அவனுக்கு வைத்த பெயர் 'உட்பிரிவு'. பள்ளி மானியச் சட்டம் அவன் கைக்கு வந்திருந்த நேரம் அது. வருடக் கடைசியில் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு பையனின் மார்க்கையும் தன் தலையில் கட்டியதைப் பற்றி அவள் அன்று பொரிந்து தள்ளினாள். "நான் சொல்லியே குடுக்காத பிள்ளைக்கு நான் எப்படிப் பொறுப்பு?" அண்ணியும், "நியாயம்தானே?" என்று ஒத்து ஊதினார். கணவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நடுவில் வந்து சேர்ந்தவர்களின் மார்க் சேராது என்று அங்கேயே ஒரு வாசகம் எழுதி, கதாகாலட்சேபம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினான். அதுதான் பதினாலு.

"இனிமே இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு வரி உன்னோடது, டீச்சரம்மா" என்றான்.

அவளுக்கு அது மோதிரத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஆசிரியர் அறையில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டாள்! "எங்க வீட்டுக்காரர் எனக்காக எழுதின பிரிவு."

லேபைப் பார்த்த அன்று மாலை, வீடு திரும்பிய பஸ்ஸில் கண்டக்டர் ரேடியோவின் அப்பாவாகவே இருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, உட்கார்ந்திருந்த இளைஞன் ஒருவனை எழுப்பி அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

"மிஸ், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எதுக்குங்க?"

"பாப்பாவுக்குத் தனி ரூம் ஏற்பாடு பண்ணிருக்கோம், ஸ்பெஷல் கவனிப்புன்னு பெரிய மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்களே. ஏதோ ரெண்டு பேப்பர்ல கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன். நீங்கதான் சொல்லிச் செஞ்சிருப்பீங்கன்னு வீட்ல சொன்னேன்." தோல்பையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "நல்ல மாற்றம் தெரியுது மிஸ். முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தா வாய் ஓயாது. இப்ப சத்தமே இல்ல. சாப்பிடுறா, படுத்துக்கிறா. படிப்பு ஏறுது போல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்பதைவிட, அதற்காக நன்றி சொல்கிறார் என்பதுதான் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏற, அவர், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று குரல் கொடுத்தபடி நகர்ந்துவிட்டார்.

வீட்டில் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டான். அந்த நிதானமே அவள் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது.

"சட்டம் சரியாத்தான் இருக்கு" என்றான் கடைசியில். "பதினாலோட நோக்கம் வேற. உங்க ஸ்கூல் அதைத் தப்பாப் பயன்படுத்துது."

"இந்தக் கத்தி நல்ல கத்திதான், குத்தினவங்கதான் தப்பு. அதானே?"

"வாசகத்துல தப்பில்லைன்னு சொல்றேன்."

"வாசகத்துல எதுக்குங்க தப்பு இருக்கணும்? பிள்ளைங்க அந்த ரூம்ல இருக்காங்களே, அது போதாதா தப்புக்கு?" அவள் கைப்பையை மேசையில் போட்டாள். "நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு டீச்சர் உண்டு. படிக்கத் தெரியாத பிள்ளைக்குத்தான் டீச்சர் கிடையாது. இதை யாராவது வெளியாள் கேட்டா நம்மைக் காறித் துப்ப மாட்டானா? ஆஸ்பத்திரியில சீக்காளியை வெளிய தள்ளிட்டு, எங்க வார்டுல எல்லாரும் ஆரோக்கியமா இருக்காங்கன்னு போர்டு மாட்டுவாங்களா?"

"நான் ஒரு அதிகாரி. ஒரு கமாவைக்கூட நானா மாத்த முடியாது."

"போடும்போது மட்டும் என் சாப்பாட்டு மேசையில போட முடிஞ்சுதே!"

அவன் கத்தியை எடுத்து, மறுபடி வைத்தான். அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "பள்ளிக்கூடத்துக்குச் சட்டம் எழுதுறீங்களே, கடைசியா ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள எப்ப போனீங்க?"

அவன் யோசித்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி. உன்னைப் பாக்க வருவேனே."

"அது கேட் வரைக்கும். உள்ள வாங்க. அந்த ரூமை ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் நோக்கத்தைப் பத்திப் பேசலாம்."

இரண்டு பேரும் அன்று ஒரே வீட்டுக்குள் இரு வேறு ஊர்க்காரர்கள் மாதிரி இருந்தார்கள். வெங்காயம் நறுக்கியது நறுக்கியபடியே கிடந்தது.

ஆனால் அவன் வந்தான். மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, பெண் பார்க்க வந்தவன் போல நடைவழியில் விழித்துக்கொண்டு நின்றான். அவள் லேப் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் உள்ளே காலடி வைத்ததும் முக்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். அத்தனை முகங்களிலும் ஒரு வெளிச்சம். ஒருவன் அவசரமாகப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தே விட்டான்.

"வணக்கம் சார்!" என்று ராகம் போட்டார்கள்.

ரேடியோதான் கேட்டாள். "நீங்கதான் எங்க சாரா?"

அவன் வாயைத் திறந்தான். எதற்கும் ஒரு 'உட்பட்டு' வைத்திருக்கிறவனுக்கு ஒன்றும் வரவில்லை. "இல்லம்மா... நான் சும்மா பாக்க வந்தேன்."

"அப்ப எங்க சார் எப்ப வருவாங்க?"

"வருவாங்க."

"விளையாட்டு மாஸ்டரும் இப்படித்தான் சொன்னாரு" என்றாள் ரேடியோ. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நோட்டைப் பிரித்தவன் அதை மூடி, மெல்லப் பைக்குள் வைத்தான்.

வெளியே வந்து மைதானத்துக் குழாயடியில் அவன் முகத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். கைக்குட்டையை நீட்டியபோதுதான் அவன் கண் சிவந்திருப்பதை அவள் பார்த்தாள். பாவமாக இருந்தது. ஆனால் மன்னிக்கத் தோன்றவில்லை.

"எழுந்து நின்னாங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அதே மேசை, அதே மூன்று பேர். அண்ணி தட்டில் கை வைக்கிற நேரம் பார்த்து, தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"அக்கா, மானியச் சட்டத்துக்கு இந்தக் கூட்டத்தொடர்ல திருத்த மசோதா வருது. பதினாலோட ஒரு உட்பிரிவு சேர்த்து எழுதியிருக்கேன். கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "'கல்வியாண்டின் இடையே ஒரு பள்ளியிலிருந்து பெயர் நீக்கப்பட்டு, அதே பள்ளியில் மீண்டும் சேர்க்கப்பட்ட மாணவர் ஒவ்வொருவரும், அப்பள்ளியின் தரத்தை நிர்ணயிக்கையில் இருவராகக் கணக்கிடப்படுவர்.'"

அண்ணியின் கை நடுவழியில் நின்றது.

"இருவரா?"

"ஆமா. ஒரு பிள்ளை ஃபெயிலானா ரெண்டு ஃபெயில்."

"டேய்! என் ஸ்கூலை மூடப் பாக்குறியாடா? கூடப் பொறந்தவன் பண்ற வேலையா இது?"

"பேரை அடிக்காத ஸ்கூலுக்கு இதனால ஒரு கெடுதலும் இல்லக்கா."

"எல்லாம் இவ ஏத்தி விட்டதா?" அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "நான் என்ன ஆசைப்பட்டா செஞ்சேன்? கூரை ஒழுகுது. கழிப்பறைக்குக் கதவு இல்ல. மானியம் குறைஞ்சா எதை வச்சு ஓட்டுவேன்? ஊரே தில்லுமுல்லு பண்ணும்போது நான் மட்டும் யோக்கியமா இருந்து, கடைசித் தரம்னு கேட்ல போர்டு தொங்கவிடணுமா? அதைப் பாத்துட்டு எந்த அப்பன் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவான்?"

அதில் பொய் எதுவும் இல்லை. கதவில்லாத கழிப்பறைக்கு அண்ணி தன் சொந்தச் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"கூரை ஒழுகுதுன்னு சட்டம் போட்டவங்ககிட்ட சண்டை போடுங்க அண்ணி, நானும் கூட வர்றேன். கதவு வேணும்னு தெருவுல உக்காருங்க, உங்க பக்கத்துல உக்காருறேன். ஆனா பலமில்லாத பிள்ளையாப் பாத்து பேரை அடிச்சு, அதோட அப்பாகிட்ட கையெழுத்தும் வாங்கி, நன்றியும் வாங்கிக்கிட்டோமே, அது எந்தக் கூரையை அடைச்சுது? அந்த மனுஷன் எனக்கு சீட் பிடிச்சுக் குடுக்கிறார் அண்ணி. மக வாயை மூடிக்கிட்டதைப் படிப்பு ஏறுதுன்னு நினைச்சுச் சந்தோஷப்படுறார். நமக்கெல்லாம் சோறு எப்படி இறங்குது?"

அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அழுதுவிடுவார், அல்லது மனம் இளகி ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"இது எப்பலேருந்து அமலுக்கு வரும்?" என்று கேட்டார் அண்ணி.

"இந்தக் கல்வியாண்டுத் தொடக்கத்திலேருந்தேன்னு எழுதியிருக்கேன்" என்றான் தம்பி.

"அப்ப ஏற்கெனவே நீக்கினவங்களும்..."

"இருவர்."

"அந்த நீக்கமே தவறுதலா நடந்ததுன்னு ரத்து பண்ணிட்டா?"

"நீக்கமே இல்லைன்னா ரெண்டா எண்ண ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிள்ளைதான்."

அண்ணி ஒரு கவளம் எடுத்து மென்றார். மனசுக்குள் கூட்டிக் கழிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்பே லேப் பூட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் அவரவர் வகுப்பில். அண்ணி நடைவழியில் அவளை நிறுத்தினார். "இனிமே அவங்க மார்க்கும் நம்ம தலையிலதான். சும்மா கொஞ்சிக்கிட்டு இருக்காம நல்லாத் தயார் பண்ணு" என்றார். ஏதோ அவள்தான் அவர்களை லேபில் கொண்டுபோய் உட்கார வைத்தது போல. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி மேடம்" என்றாள்.

அந்த வாரமே ஒரு மாலை, கணவன் சோர்ந்துபோய் வந்தான். "திருத்தத்தை மேலிடத்துல அடிச்சிட்டாங்க. எங்க மேலதிகாரி படிச்சுட்டு வயிறு குலுங்கச் சிரிச்சார். 'ஒரு மனுஷனை ரெண்டா எண்றதா? நாம என்ன சர்க்கஸா நடத்துறோம்?'னு கேட்டார்."

"ஒரு பிள்ளையை இல்லவே இல்லைன்னு எண்ணினப்ப சிரிப்பு வரலையாமா அவருக்கு?"

"பதினாலு அப்படியேதான் இருக்கு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சட்டம் ஓடுகிற ஊர்களில் எத்தனை பழைய லேப்கள், எத்தனை குடோன்கள், எத்தனை கட்டிய கைகள்! எந்தக் கதவையாவது யாராவது திறந்தால் எழுந்து நிற்கப் போகிற பிள்ளைகள். அவள் பள்ளியில் மட்டும், ஒரு முறை எண்ணப்படுவதற்காக, இரண்டு முறை எண்ணுவோம் என்று மிரட்ட வேண்டியிருந்தது. அதுவும் பொய் மிரட்டல்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாதீங்க. பரீட்சை முடியுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது." அவன் தலையாட்டினான். "அதோட, நாளைக்கே திரும்ப எழுதுங்க. அடிச்சா அடுத்த நாளும் எழுதுங்க. அந்த ஆளுக்குச் சிரிச்சு வயிறு வலிக்கட்டும். அந்த வரி என்னோடதுன்னு சொன்னீங்க இல்ல? எனக்கு வேண்டாம். திருப்பி எடுத்துக்கிற வரைக்கும் இந்த வீட்ல காப்பிக்கு நிபந்தனை கிடையாது, காப்பியே கிடையாது."

அவன் நீண்ட நாளுக்குப் பிறகு சிரித்தான். பிறகு மேசையில் தாளை விரித்து உட்கார்ந்தான்.

வகுப்புக்கு ரேடியோ திரும்பிவிட்டாள் என்றாலும் ஒலிபரப்பு தொடங்கவில்லை. கரடிக் கதையை விரித்து, விட்ட பக்கத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தபோது, விரல் முதல் வார்த்தையிலேயே தடுமாறியது. எழுத்துகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. முழுப் பக்கம் படித்த குழந்தை, ஒரு வரிக்குத் திணறியது. அவள் அந்தச் சின்ன விரலின் மேல் தன் விரலை வைத்தாள்.

"பரவால்ல. மெதுவா."

ரேடியோ புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு விடைத்திருந்தது.

"நாளைக்குன்னு சொன்னீங்க மிஸ். நான் பக்கத்தை மடிச்செல்லாம் வச்சிருந்தேன். நீங்க வரவே இல்ல. அப்புறம் எங்களை அங்க கொண்டுபோய் உக்கார வச்சிட்டாங்க. புக்கையும் வாங்கிட்டாங்க. நாங்க என்ன மிஸ் பண்ணோம்?"

நல்ல சத்தமாகவே கேட்டாள். பக்கத்து அறை வரை கேட்டிருக்கும். யாரும் வந்து மூடி வைக்கச் சொல்லவில்லை.

"ஒண்ணும் பண்ணல" என்றாள் அவள். "நாங்கதான் பண்ணோம்."

ரேடியோ அதை யோசித்துப் பார்த்தாள். மன்னித்ததாகத் தெரியவில்லை. மூக்கை ஒரு முறை உறிஞ்சிக்கொண்டு, தன் விரல் மேலிருந்த விரலைத் தள்ளிவிட்டாள். பிறகு குனிந்து, முதல் எழுத்தைத் தானே அமுக்கிப் பிடித்தாள்.